எதைவச்சு மேடத்தின் முக்காலி

எதைவச்சு மேடத்துக்குப் பெற்றோர் ஆசையாக வைத்த பெயர் ஒன்று உண்டு. சம்பளப் பட்டியலிலும் கல்யாணப் பத்திரிகையிலும் அது அச்சாகியிருக்கிறது. மற்றபடி அந்தப் பெயருக்கு வேலை எதுவும் இல்லை. பிசியோதெரபி கல்லூரியின் கேட்டைத் தாண்டினால் காவலாளி முதல் கேன்டீன்காரர் வரை எல்லோருக்கும் அவர் எதைவச்சு மேடம்தான்.

காரணம் எளிது. யார் எதைச் சொன்னாலும் மேடத்தின் வாயிலிருந்து வருவது ஒரே கேள்வி: "எதை வச்சுச் சொல்றே?"

இன்றைக்கு மழை வரும் என்றான் ஒரு மாணவன். எதை வச்சு என்றார். மாணவன் வானத்தைக் காட்டினான். மேகம் இருந்து மழை வராத நாட்களை அவன் எண்ணியிருக்கிறானா என்று கேட்டார். அவன் எண்ணவில்லை. குடையில்லாமல் போனார், நனைந்தார், நனைந்த பிறகும் தன் கேள்வி சரியான கேள்விதான் என்றார். பழக்கடைக்காரர் ஒருவர் தேனாக இனிக்கும் என்று சொல்லி ஒரு துண்டு வெட்டிக் கொடுத்தபோது, தின்று பார்த்துவிட்டு, "ஒரு பழம் இனிச்சா கூடை முழுக்க இனிக்கும்னு எப்படிச் சொல்றீங்க?" என்றார். அடுத்த கடைக்கு வழி எது என்பதைக் கடைக்காரர் கையாலேயே காட்டினார். நிச்சயமான புதிதில் வருங்காலக் கணவர், "நீ இல்லாம நான் இல்ல" என்று உருகியதற்கும் அதே கேள்விதான் பதிலாக வந்ததாம். மனிதர் அப்படியும் கல்யாணம் செய்துகொண்டார். அந்தத் துணிச்சலை யாரும் இன்றுவரை ஆய்வு செய்யவில்லை.

மேடம் நடத்திய பாடத்தின் பெயர் ஆதாரவழிச் சிகிச்சை. மூன்றாம் ஆண்டு மாணவர்களுக்கு, சனிக்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குப் பிந்தைய கடைசி இரண்டு மணி நேரம். கல்லூரியில் எந்தப் பாடத்துக்கு எவ்வளவு மதிப்பு என்று தெரிய வேண்டுமானால் கால அட்டவணையைப் பார்த்தால் போதும். வேறு ஆராய்ச்சி வேண்டாம்.

பாடத்தின் சாரம் இதுதான். சீனியர் சொன்னார், புத்தகத்தில் இருந்தது, மெஷின் சும்மா கிடந்தது என்பதற்காக நோயாளிக்கு ஒரு சிகிச்சையைக் கொடுக்கக்கூடாது. முதலில் ஒழுங்காக ஒரு கேள்வி கேட்க வேண்டும்: யாருக்கு, எதைச் செய்தால், எதைவிட, என்ன நன்மை? பிறகு ஆராய்ச்சிகளைத் தேட வேண்டும். தேடியதை அப்படியே விழுங்காமல் எடைபோட வேண்டும். அதன் பிறகுதான் நோயாளியின் மேல் கை வைக்க வேண்டும். இதற்காகக் கரும்பலகையில் ஒரு முக்காலி வரைவார். ஒரு கால் ஆராய்ச்சி. ஒரு கால் சிகிச்சை தருபவரின் அனுபவம். மூன்றாவது கால் நோயாளியின் விருப்பம்.

"மூணு காலும் இருந்தாத்தான் உக்கார முடியும். ஒரு கால் போனா?"

"விழுந்து இடுப்பு ஒடியும் மேடம். அப்புறம் நம்மகிட்டதான் வரணும்" என்பான் பின்பெஞ்சுக்காரன் ஒருவன். வகுப்பு விழித்துச் சிரிக்கும். மீண்டும் தூங்கும்.

இப்படி எட்டு ஆண்டுகள் ஓடின. ஒன்பதாம் ஆண்டில், பருவம் தொடங்கிச் சில வாரங்களில், முதல்வர் மேடத்தைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

முதல்வருக்கு அப்போது ஒரு புதுக் காதல் பிறந்திருந்தது. ஆளுமை மேம்பாடு என்று அதற்குப் பெயர். கோட்டு போட்ட ஒருவர் கல்லூரிக்கு வந்து, மைக்கைக் கன்னத்தில் ஒட்டிக்கொண்டு, மாணவர்கள் அத்தனை பேரையும் நாற்காலி மேல் ஏற்றி, "என்னால் முடியும்!" என்று கத்தவிட்டுப் போயிருந்தார். முதல்வர் கண் கலங்கிவிட்டார். வாரம் இரண்டு மணி நேரம் அந்தக் கோட்டுக்கு ஒதுக்குவதென்று முடிவு செய்து, கால அட்டவணையில் யார் இளைத்தவர் என்று தேடியபோது சனிக்கிழமை மதியம் கண்ணில் பட்டது.

"உக்காருங்க மேடம். உங்க பாடம் ரொம்ப நல்ல பாடம். அதுல எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது."

"எதை வச்சு சார் சொல்றீங்க?"

பழக்க தோஷம். வாய் தவறி வந்துவிட்டது. முதல்வரின் முகம் வீட்டுக்கு விருந்தாளி வந்ததுபோல மலர்ந்தது.

"நான் கேக்கணும்னு இருந்ததை நீங்களே கேட்டுட்டீங்க. ஆதாரம் ஆதாரம்னு எட்டு வருஷமா நடத்துறீங்க. இந்தப் பாடத்தால பசங்க மாறுறாங்கங்கிறதுக்கு என்ன ஆதாரம்? பருவக் கடைசியில ஆட்சிக்குழு கூடுது. காட்டுங்க. காட்டினா பாடம் இருக்கும். இல்லைன்னா அந்த நேரத்தை வேற நல்ல காரியத்துக்கு எடுத்துக்கறேன்."

 கோபம் வந்திருந்தால் மேடம் சமாளித்திருப்பார். ஆனால் அவருக்கு வந்தது மரியாதை. முதல்வர் தன் பணிக்காலத்தில் கேட்ட முதல் நல்ல கேள்வி அது.

"சரி சார். ஆனா ஒழுங்கா ஆய்வு பண்ணணும்னா பாதி வகுப்புக்கு நான் பாடம் நடத்தாம விடணும். ஒப்பிட்டுப் பாக்க வேணும்ல?"

"நடத்தாம விடறதா? அதுக்கு ஏற்கனவே மூணு வாத்தியாருங்க இருக்காங்க மேடம். புதுசா யாரும் வேண்டாம்."

ஒப்பீட்டுக் குழு இல்லாமலே ஆய்வு தொடங்கியது. நல்லவேளையாக, பருவத்தின் முதல் வகுப்பிலேயே மாணவர்களுக்கு ஒரு தேர்வு வைத்து மதிப்பெண்களைக் குறித்து வைப்பது மேடத்தின் வழக்கம். பாடம் முழுவதும் முடிந்தபின் அதே தரத்தில் ஒரு தேர்வை மீண்டும் வைத்தார். மதிப்பெண்கள் ஏறக்குறைய இரண்டு மடங்காகியிருந்தன. கண்ணாடி என்று எல்லோரும் அழைக்கும் முதல் பெஞ்சு மாணவி, கேட்காத கேள்விகளுக்கும் சேர்த்துப் பதில் எழுதியிருந்தாள். பின்பெஞ்சுக்காரன்கூட முக்காலியை அழகாக வரைந்து நிழல் போட்டிருந்தான்.

வேறு யாராக இருந்தாலும் இத்துடன் கடையைக் கட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பார்கள். மேடத்துக்குத்தான் தூக்கம் வரவில்லை. அவரே வகுப்பில் நடத்திய பாடம் அவரையே குத்தியது. முட்டி எத்தனை டிகிரி மடங்குகிறது என்று அளப்பது வேறு. அந்த ஆளால் மாடிப்படி ஏற முடிகிறதா என்று பார்ப்பது வேறு. டிகிரி ஏறியும் படி ஏறாத முட்டிகள் உலகத்தில் ஏராளம். மதிப்பெண் என்பது டிகிரி. மாணவர்கள் புறநோயாளிப் பிரிவில் நோயாளிக்கு முன்னால் என்ன செய்கிறார்கள் என்பதுதான் படி.

அதைப் பார்க்க வேண்டுமானால், அவர்கள் முகம் அறியாத ஒரு நோயாளி வேண்டும். உண்மையாகவே வலி இருக்க வேண்டும். கேட்டதை ஒன்று விடாமல் திருப்பிச் சொல்லும் ஆளாகவும் இருக்க வேண்டும். இத்தனை தகுதியும் ஒருங்கே அமைந்த ஒருவர் மேடத்தின் வீட்டிலேயே சோபாவில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். மாமியார்.

மாமியார் தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இணைப்பைக் கொடுப்பதைவிடத் துண்டிப்பதில் பெயர் வாங்கியவர். இரண்டு முட்டியிலும் தேய்மானம். மருமகள் முட்டிக்குப் பயிற்சி சொல்லிக்கொடுக்க வந்து துண்டிக்கப்பட்ட கதை பல வருடக் கதை.

"அத்தை, எங்க காலேஜ் ஆஸ்பத்திரிக்கு வர்றீங்களா? முட்டியைக் காட்டலாம்."

"எதுக்கு? அந்தத் துண்டைச் சுருட்டி முட்டிக்குக் கீழ வச்சு அழுத்து அழுத்துன்னு உயிரை வாங்குவியே, அதுக்கா?"

"அதுதான் அத்தை நல்லது. எத்தனையோ ஆராய்ச்சியில ஆயிரக்கணக்கான பேருக்குச் செஞ்சு பாத்திருக்காங்க."

"அந்த ஆயிரத்துல என் முட்டி இருந்துச்சா?"

 மாணவர் யாராவது இந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால் மேடம் எழுந்து நின்று கைதட்டியிருப்பார். மாமியார் கேட்டதால் பல்லைக் கடித்துக்கொண்டார்.

"பயிற்சி இல்ல அத்தை. பசங்க எப்படிப் பாக்கறாங்கன்னு தெரிஞ்சுக்கணும், அவ்வளவுதான். நீங்க என் மாமியார்னு மட்டும் சொல்லிடாதீங்க."

"சொல்லி எனக்கு என்ன பெருமை வரப்போகுது?" என்ற மாமியார், அடுத்த நாளே கிளம்பத் தயாராகிவிட்டார்.

புறநோயாளிப் பிரிவு மெஷின் சாரின் ராஜ்ஜியம். இருபத்தைந்து ஆண்டுகளாக அங்கே பொறுப்பாளர். வெப்ப மெஷின், கரண்ட் மெஷின், இழுவை மெஷின் எல்லாவற்றுக்கும் உறை தைத்துப் போட்டு, வாராவாரம் துவைத்து, காலையில் வந்ததும் அவரே துடைப்பார். மேடத்தின் பாடத்தில் ஆதாரங்களுக்கு ஒரு பிரமிடு உண்டு; மேலே போகப்போக மதிப்பு அதிகம். அதில் ஆக அடித்தட்டில் 'நிபுணர் கருத்து' என்று எழுதியிருக்கும். அதை ஒருமுறை பார்த்துவிட்ட மெஷின் சார், தன்னைத்தான் கட்டடத்தின் அஸ்திவாரத்தில் போட்டுப் புதைத்திருக்கிறார்கள் என்று வருத்தப்பட்டுக்கொண்டிருந்தார். இருந்தாலும் மனிதர் நல்லவர். மேடம் விஷயத்தைச் சொல்லி அனுமதி கேட்டதும் கண்ணை அகல விரித்தார்.

"திரைக்குப் பின்னாடி ஒளிஞ்சு நின்னா? என்ன மேடம், டிவி சீரியல் மாதிரி இருக்கு!"

"பருவம் முழுக்க யாராவது கவனிப்பாங்கன்னு பசங்ககிட்ட வகுப்புலயே சொல்லிச் சம்மதம் வாங்கியாச்சு சார். நேர்ல நின்னா ஆளுங்க மாறிடுவாங்க. அது ஆராய்ச்சியில நிரூபிச்ச விஷயம்."

"அதைக் கண்டுபிடிக்க ஆராய்ச்சி வேறயா? கல்யாணமானவங்க யாரைக் கேட்டாலும் சொல்வாங்களே."

பிரிவில் வரிசையாகப் படுக்கைகள், இடையிடையே பச்சைத் திரைகள். நாலாம் படுக்கையில் மாமியார். ஐந்தாம் படுக்கையின் திரைக்குப் பின்னால், ஒரு பழைய இழுவை மெஷினுக்கும் சுவருக்கும் நடுவில், உண்மையைக் கண்டறியும் பொருட்டு மூச்சை அடக்கிக்கொண்டு எதைவச்சு மேடம்.

வந்தவள் கண்ணாடி. மேடத்தின் மனம் குளிர்ந்தது.

"வணக்கம்மா. எத்தனை நாளா வலி இருக்கு?"

"அதெல்லாம் வருஷக் கணக்கு கண்ணு."

"படி ஏறும்போது அதிகமா, இறங்கும்போதா? காலையில எழுந்ததும் பிடிச்சுக்குதா? எவ்வளவு நேரத்துல விடுது?"

ஒவ்வொரு கேள்வியும் பாடத்திலிருந்து எடுத்து வைத்தாற்போல விழுந்தது. முட்டியைத் தொட்டாள், மடக்கினாள், நீட்டினாள், தசையின் பலம் பார்த்தாள். திரைக்குப் பின்னால் மேடம் உருகி ஓடிவிடுவார்போல இருந்தது. அப்போதுதான் கண்ணாடி கேட்டாள்:

"இப்ப ரெண்டு வழி இருக்கும்மா. மெஷின் வேணுமா, எக்சர்சைஸ் வேணுமா?"

டீயா காபியா என்று கேட்கும் அதே குரல்.

"மெஷின்னா படுத்துக்கலாமா?"

"படுத்துக்கலாம்மா. இதமா சூடா இருக்கும்."

"மத்தது?"

"அதை நீங்கதான் செய்யணும். தினமும் செய்யணும்."

"அப்ப மெஷினே வை கண்ணு. நல்லா இருப்பே."

சுவிட்ச் தட்டும் சத்தம் கேட்டது. பக்கத்தில் நின்ற பின்பெஞ்சுக்காரன் குரலைத் தாழ்த்தினான். "ஏய், முட்டித் தேய்மானத்துக்கு எக்சர்சைஸுக்குத்தான் ஆதாரம் இருக்குன்னு மேடம் தொண்டை கிழியக் கத்தினாங்களே?"

"நோயாளி விருப்பமும் ஆதாரம்தான்டா. முக்காலியில மூணாவது கால். பரீட்சையில அஞ்சு மார்க்குக்கு வந்துச்சே, மறந்துட்டியா?"

"அட, ஆமால்ல!" என்றான் அவன், மனப்பூர்வமான நிம்மதியோடு.

மேடம் அந்த வாரம் முழுவதும் இழுவை மெஷினுக்குப் பின்னால் குடியிருந்தார். முட்டி வந்தது, தோள் வந்தது, கழுத்து வந்தது, முதுகு வந்தது. எல்லா மாணவர்களும் பண்போடு கேட்டார்கள்: மெஷினா, எக்சர்சைஸா? எல்லா நோயாளிகளும் அதே பண்போடு சொன்னார்கள்: மெஷின். ஒரே ஒரு பெரியவர் மட்டும் எக்சர்சைஸ் என்றார். அவருக்குக் காது சரியாகக் கேட்கவில்லை என்பது பின்னால் தெரிந்தது.

ஆக, பாடம் ஒரு மாற்றத்தையும் உண்டாக்கவில்லை என்று சொன்னால் அநியாயம். பாடத்துக்கு முன்பு, பிரிவின் பழைய பதிவேட்டின்படி, மாணவர்கள் காரணம் எதுவும் இல்லாமல் மெஷின் வைத்துக்கொண்டிருந்தார்கள். இப்போது ஆதாரத்தோடு வைத்தார்கள்.

கோளாறு எங்கே என்று யோசித்தபடி மேடம் பஸ்ஸில் வீட்டுக்கு வந்தார். இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போனபோது விடை கிடைத்தது. முக்காலியின் முதல் காலுக்கு அவர் பத்து வாரம் எடுத்துக்கொண்டார். இரண்டாவது காலுக்கு ஒரு வாரம். மூன்றாவது காலை ஒவ்வோர் ஆண்டும் கடைசி வகுப்பில், மணி அடித்தபின், மாணவர்கள் பையை மாட்டிக்கொண்டிருக்கும்போது, "நோயாளி விருப்பத்தையும் கேட்டுக்கங்கப்பா" என்று ஒரே வரியில் வாசல்வரை துரத்திக்கொண்டு போய்ச் சொல்லியிருந்தார். பிள்ளைகள் அந்த ஒரு வரியைத்தான் பிடித்துக்கொண்டார்கள். குறுகிய வரி. நினைவில் நிற்கும்.

வீட்டில் மாமியார் சோபாவிலிருந்து யார் உதவியும் இல்லாமல் எழுந்து காட்டினார்.

"தங்கமான பிள்ளைங்க. பாதி வலி போயிடுச்சு தெரியுமா?"

"எதை வச்சு அத்தை பாதின்னு சொல்றீங்க?"

"வலி என்னுது. நான்தான் சொல்லணும். உன்கிட்ட அளக்கக் கொடுக்கணுமா?"

கணவர் தண்ணீர் வாரியத்தில் என்ஜினீயர். எந்தக் குழாயில் கசிவு இருந்தாலும் அடைத்துவிட்டு மேலே மண்ணைத் தள்ளுவதே அவர் தொழில். மனைவி சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, "மார்க் ரெண்டு மடங்கு ஏறினது நிஜம்தானே?" என்றார்.

"நிஜம்."

"அப்ப அதை மட்டும் காட்டு. திரைக்குப் பின்னாடி நின்னதை யாரு கேட்டாங்க? பொய் சொல்லச் சொல்லலையே. வாயை மூடிக்கன்னுதான் சொல்றேன்."

"சாதகமா வந்ததை மட்டும் காட்டிட்டு மத்ததை மறைக்கிறது எவ்வளவு பெரிய அயோக்கியத்தனம்னு ஒரு வகுப்பு முழுக்க நடத்தியிருக்கேங்க."

"அந்த வகுப்பே இருக்கப்போறதில்லையே!"

மேடத்துக்கு அது உறைக்காமல் இல்லை. அந்தப் பாடத்தை அவர்தான் ஒவ்வொரு செங்கலாக வைத்துக் கட்டினார். வேறு யாரும் கேட்டு வரவும் இல்லை. அது போனால் மிச்சம் இருப்பது முதலாமாண்டுக்கு எலும்புகளின் பெயரை ஒப்பிக்க வைப்பது மட்டும்தான். எலும்புகளிடம் எதை வச்சுச் சொல்றே என்று கேட்க முடியாது.

ஆட்சிக்குழு கூடிய அன்று மேடம் இரண்டு படங்கள் கொண்டுபோனார். முதல் படத்தில் மதிப்பெண் கோடு ஜம்மென்று மேலே ஏறியது. மேசையைச் சுற்றி இருந்தவர்கள் கை தட்டினார்கள். கல்லூரிக்கு நிலம் கொடுத்த பெரியவர் தூக்கம் கலைந்து அவரும் தட்டினார். முதல்வரின் முகம் கோட்டுக்காரரை நினைத்துச் சற்று வாடியது. மேடம் அப்போது உட்கார்ந்திருக்கலாம். பிஸ்கட் தட்டுகூட அவர் பக்கம் நகர்ந்துகொண்டிருந்தது. அவர் இரண்டாவது படத்தைப் போட்டார்.

அதில் கோடு ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. தரையோடு தரையாகப் படுத்துக் கிடந்தது.

"இது என்ன மேடம்?"

"இது அவங்க நோயாளிகிட்ட நடந்துக்கிட்டது சார். பரீட்சையில நல்லா எழுதறாங்க. சிகிச்சையில ஒண்ணும் மாறலை."

"அப்போ உங்க பாடம் வேலை செய்யலைன்னு நீங்களே சொல்றீங்க."

"வகுப்புல உக்கார வச்சுச் சொல்ற முறை வேலை செய்யலை சார். என்கிட்ட இருக்கற ஆதாரம் அதைத்தான் காட்டுது."

பிஸ்கட் தட்டு பாதி வழியில் நின்றது. அப்போது எதிர்பாராத திசையிலிருந்து உதவி வந்தது. துறைப் பொறுப்பாளர்கள் வரிசையில் உட்கார்ந்திருந்த மெஷின் சார் எழுந்து நின்றார். பிரமிடின் அடித்தட்டிலிருந்து ஒரு மனிதர் தன் அவமானத்தை மறந்து எழுந்து வருவது சாதாரண விஷயம் அல்ல.

"நான் ஒண்ணு சொல்லணும். இருபத்தஞ்சு வருஷமா பசங்களைப் பாத்துக்கிட்டிருக்கேன். என் அனுபவத்துல சொல்றேன், மேடம் பாடம் படிச்ச பசங்க தனிதான். முகத்துலயே தெரியும். அந்தப் பாடத்தை எடுத்துடாதீங்க."

குழுவில் தலைகள் அசைந்தன. நிலம் கொடுத்த பெரியவர், "அனுபவஸ்தர் சொல்றாரு" என்றார். முதல்வரே தயங்கினார். பாடம் பிழைத்துவிட்டது. ஒரு நிமிடம், முழுசாக ஒரு நிமிடம், அது உயிரோடு இருந்தது.

"எதை வச்சு சார் சொல்றீங்க?" என்றார் மேடம்.

மெஷின் சார் திரும்பிப் பார்த்தார்.

"முகத்துல என்ன சார் தெரியும்? படிக்காத பசங்களோட ஒப்பிட்டீங்களா? ஒரு நிபுணர் கருத்தை மட்டும் வச்சுக்கிட்டு இவ்வளவு பெரிய முடிவை எடுக்கக்கூடாது" என்று, தன்னைக் காப்பாற்ற நீட்டப்பட்ட ஒரே கையை மேடம் முறைப்படி ஆராய்ந்து நிராகரித்தார்.

அதற்குப் பிறகு பேச எதுவும் இல்லை. சனிக்கிழமை மதியம் ஆளுமை மேம்பாட்டுக்குப் போனது. மேடம் மட்டும் ஒரு விண்ணப்பம் வைத்தார்: வகுப்பில் வேலை செய்யாததை நோயாளியின் படுக்கைக்குப் பக்கத்தில் நின்று செய்து பார்க்கிறேன், காலையில் புறநோயாளிப் பிரிவில் நிற்க அனுமதி வேண்டும். சம்பளம் கூட்ட வேண்டாம், நாற்காலிகூட வேண்டாம். செலவில்லாத காரியம் என்பதால் குழு அதை ஒருமனதாக, மேடம் பேசி முடிப்பதற்குள்ளாகவே ஏற்றுக்கொண்டது.

வெளியே வராந்தாவில் மெஷின் சார் காத்திருந்தார்.

"உங்களைக் காப்பாத்த வந்தேன் மேடம். என்னையே போட்டுத் தள்ளிட்டீங்களே!"

"தப்பா எடுத்துக்காதீங்க சார். அனுபவம் ஒரு கால்தானே."

"ஒரு கால்னாலும் கால்தானே மேடம்? அதை வெட்டிட்டு எங்க உக்காரப் போறீங்க?"

 அடுத்த வாரம் முதல் மேடம் உட்காரவே இல்லை. காலையில் படுக்கை படுக்கையாக நின்றார். கொண்டுவந்த விதி ஒன்றே ஒன்று. எது வேண்டும் என்று நோயாளியிடம் கேட்காதே. எதைச் செய்ய முடியாமல் வந்திருக்கிறார் என்று கேள். விருப்பம் அங்கேதான் இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டபின் கையில் இருக்கும் வழிகளை, எது எவ்வளவு உதவும் என்பதோடு சேர்த்து, அவருக்குப் புரிகிற மொழியில் சொல். இதைப் பையை மாட்டிக்கொண்டு ஓடும் மாணவர்களைத் துரத்திக்கொண்டு சொல்ல வேண்டியிருக்கவில்லை. நோயாளி படுத்திருக்கும்போது யாரும் ஓட முடியாது.

முதல் சில நாட்கள் பெரும் குழப்பம். மாணவர்கள் கைபேசியில் ஆராய்ச்சிகளைத் தேடுவதற்குள் நோயாளிகள் குறட்டை விட்டார்கள். வரிசை வாசலைத் தாண்டியது. மெஷின் சார் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து உறைகளை மடித்தார்.

ஒரு காலை, பஸ் டிரைவர் ஒருவர் முதுகைப் பிடித்துக்கொண்டு வந்தார். கண்ணாடியின் முறை.

"உங்களால எதைச் செய்ய முடியலை அண்ணே?"

"உக்கார முடியலம்மா. ஒரு டிரிப் முழுசா உக்காந்து ஓட்டணும். வேற பெரிய ஆசை ஒண்ணும் இல்ல."

மேடம் முன்னால் வந்தார். முதுகு வலி அவருக்குப் பிடித்த இடம். வயிற்றின் உள்தசையை மெல்ல இறுக்கும் பயிற்சி ஒன்றை எட்டு ஆண்டுகளாகப் படங்களோடு நடத்தி வந்தவர். அதை டிரைவருக்கு விளக்கத் தொடங்கினார். கண்ணாடி கைபேசியில் எதையோ தடவிக்கொண்டிருந்தவள், தொண்டையைக் கனைத்தாள்.

"மேடம்... ஒண்ணு சொல்லலாமா?"

"சொல்லு."

"இந்தப் பயிற்சிக்கும் சாதாரணமா நடக்கறதுக்கும் பெரிய வித்தியாசம் இல்லைன்னு புதுசா ஒரு தொகுப்பாய்வு வந்திருக்கு மேடம். நீங்க சொல்றது... கொஞ்சம் பழசு."

பின்பெஞ்சுக்காரன் சுவர் ஓரமாக ஒதுங்கினான். மேடம் கைபேசியை வாங்கினார். எத்தனை ஆய்வுகளைச் சேர்த்திருக்கிறார்கள் என்று பார்த்தார். ஆட்களைக் குலுக்கல் முறையில் பிரித்தார்களா, பாதியில் விட்டுப் போனவர்கள் எத்தனை பேர், பணம் கொடுத்தது யார் என்று பார்த்தார். ஓட்டை கிடைக்காதா என்று கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு தேடினார். கிடைக்கவில்லை. காது மடல்கள் சூடாகின.

"சீக்கிரம் ஒரு முடிவுக்கு வாங்கம்மா ரெண்டு பேரும், எனக்கு ஷிப்டு இருக்கு" என்றார் படுக்கையிலிருந்து டிரைவர்.

"நீயே சொல்லு அவருக்கு" என்று மேடம் கைபேசியைத் திருப்பிக் கொடுத்தார்.

கண்ணாடி இரண்டையும் விளக்கினாள். டிரைவர் யோசித்தார். படுத்து வயிற்றை இறுக்க டிப்போவில் இடம் கிடையாது. ஆனால் இரண்டு டிரிப்புக்கு நடுவில் சும்மா நிற்கும் நேரம் உண்டு, அப்போது நடக்கலாம் என்றார். எவ்வளவு தூரத்திலிருந்து தொடங்குவது, வலி கூடினால் என்ன செய்வது என்று இருவரும் பேசி முடிவு செய்தார்கள். அந்த உரையாடலில் மேடத்துக்கு எந்த வேலையும் இருக்கவில்லை. எட்டு ஆண்டுப் பயிற்சிப் படங்களை மனதுக்குள் மடித்து வைத்தபடி, எரிச்சலும் சந்தோஷமும் ஒன்றையொன்று முந்தப் பார்க்க, அடுத்த படுக்கைக்கு நகர்ந்தார்.

அன்று மாலை செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே கணவரிடம் எல்லாவற்றையும் சொல்லி முடித்தார்.

"அப்ப உன் பாடம் வேலை செய்யுதுன்னு சொல்லு!" என்றார் அவர்.

"ஒரே ஒரு பொண்ணு, ஒரே ஒரு நாள் செஞ்சதை வச்சு எதையும் சொல்லக்கூடாதுங்க. அதெல்லாம் ஆதாரமே கிடையாது" என்று கண்டிப்பாகச் சொன்னார் மேடம்.

பிறகு தொலைபேசியை எடுத்து அக்காவைக் கூப்பிட்டு, முதலிலிருந்து சொன்னார். அக்கா அடுப்பில் எதையோ வைத்திருந்ததால் பாதியில் போய்விட்டாள். மாமியாரின் பக்கத்தில் உட்கார்ந்து மறுபடி தொடங்கினார். இந்தமுறை கண்ணாடி எடுத்துக் காட்டியது மூன்று தொகுப்பாய்வுகள். டிரைவரோடு சேர்ந்து டிப்போவே நடந்துகொண்டிருந்தது.